மெனோபாஸ் தொல்லைகள்: ஹார்மோன் மாத்திரை இல்லாமல் எதற்கு எது உதவும்?

நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் போதும், அது குடியாத்தத்தில் பீடி சுற்றும் திண்ணையாக இருந்தாலும் சரி, ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகும் வேனாக இருந்தாலும் சரி, பேச்சு எப்படியோ இங்கே வந்து நிற்கும். "திடீர்னு குப்புன்னு வேர்க்குது", "ராத்திரி தூக்கமே இல்ல", "எதுக்குன்னே தெரியாம எரிச்சலா வருது". கூடவே ஆளுக்கொரு வைத்தியமும் வரும். ஒருத்தர் வெந்தயத்தை ஊறவைத்துக் குடிக்கச் சொல்வார், இன்னொருத்தர் சோயா சாப்பிடச் சொல்வார், மூன்றாமவர் நாட்டு மருந்துக் கடை லேகியத்துக்குச் சிபாரிசு செய்வார், நாலாவது ஆள் "எல்லாம் வயசுக் கோளாறு, தானா போயிடும், பொறுத்துக்கோ" என்று முடித்துவிடுவார்.

அந்த நாலாவது பேச்சுதான் எனக்கு ஆறாத வருத்தம். தானாகப் போகும் என்பது உண்மைதான், ஆனால் எப்போது? அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பெண்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஸ்வான் என்கிற பெரிய ஆய்வில், அடிக்கடி இப்படி வேர்த்துக்கொட்டும் பெண்களில் பாதிப் பேருக்கு இந்தத் தொல்லை ஏழு வருடத்துக்கும் மேல் நீடித்தது. ஏழு வருடம் தூக்கத்தைத் தொலைத்துவிட்டுப் பொறுத்துக்கொள் என்று யாரிடமும் சொல்லக் கூடாது.

ஹார்மோன் சேராத வழிகள் நிறையவே இருக்கின்றன. ஆனால் "மெனோபாஸுக்கு எது நல்லது?" என்று மொத்தமாகக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. வேர்ப்பதற்கு உதவுவது எலும்புக்கு உதவாது, எலும்புக்கு உதவுவது பிறப்புறுப்பு வறட்சிக்கு உதவாது. கேழ்வரகுக் களி சாப்பிட்டால் வேர்ப்பது நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதற்காகக் களியே வீண் என்றும் நினைக்காதீர்கள். எந்தத் தொல்லைக்கு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டாலே பாதிச் செலவும் பாதி ஏமாற்றமும் மிச்சம்.

அப்புறம் இன்னொன்று. ஹார்மோன் இல்லாதது என்றதும் மூலிகை, இயற்கை வைத்தியம் என்று மனசு போய்விடுகிறது. உண்மையில் இந்த வகையில் நன்றாக நிரூபணமான பல வழிகள், மருத்துவர் சீட்டு எழுதிக்கொடுத்து வாங்கும் சாதாரண இங்கிலீஷ் மாத்திரைகள்தான். அவற்றை நம் ஊரில் கேட்டு வாங்குபவர்கள் குறைவு. அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்பதுதான் காரணம்.

உடம்பில் என்ன நடக்கிறது

கடைசியாக மாதவிலக்கு வந்த பிறகு முழுசாகப் பன்னிரண்டு மாதம் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ் ஆகிவிட்டது என்று கணக்கு. நம் நாட்டில் இது சராசரியாக 46, 47 வயதில் வருகிறது, மேலை நாடுகளில் 51 வாக்கில். பீடி, சிகரெட் பிடிக்கும் பெண்களுக்கு ஒன்றிரண்டு வருடம் முன்னாலேயே வந்துவிடும். ஆனால் அதற்குச் சில வருடம் முன்பே மாதவிலக்கு முன்பின்னாக, ஒரு மாதம் கொட்டித் தீர்த்து, அடுத்த மாதம் எட்டிக்கூடப் பார்க்காமல் அலைக்கழிக்கும் காலம் ஒன்று தொடங்கிவிடும். வேர்ப்பது, தூக்கம் கெடுவது எல்லாம் பெரும்பாலும் அப்போதே ஆரம்பம். "எனக்கு இன்னும் தூரம் நிக்கவே இல்லையே, அதுக்குள்ள எப்படி இதெல்லாம்" என்று பலர் குழம்புவது இதனால்தான். (இந்தக் காலத்தில் கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பு குறைவுதான், ஆனால் இருக்கிறது. கருத்தடையை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள்.)

கர்ப்பப்பையை எடுத்தவர்கள் இங்கே கொஞ்சம் கவனிக்க வேண்டும். கர்ப்பப்பையை மட்டும் எடுத்திருந்தால் மாதவிலக்கு நின்றுவிடும், ஆனால் சினைப்பைகள் ஓயும்வரை ஹார்மோன் சுரந்துகொண்டுதான் இருக்கும். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்திருந்தால் மெனோபாஸ் ஒரே நாளில் வந்து இறங்கும், தொல்லையும் கடுமையாக இருக்கும். எதை எடுத்தார்கள் என்பது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருக்கும், பீரோவில் தேடி எடுத்து யாரையாவது படித்துச் சொல்லச் சொல்லுங்கள். நாற்பது, நாற்பத்தைந்து வயதுக்கு முன்பே சினைப்பைகளை எடுத்தவர்களும், தானாகவே அந்த வயதில் மாதவிலக்கு நின்றவர்களும் "எனக்கு ஹார்மோன் வேண்டாம்" என்று தாங்களாக முடிவெடுக்கக் கூடாது, ஏனென்றால் அவ்வளவு சீக்கிரம் சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் போய்விட்டால் எலும்பும் இதயமும் பாதிக்கப்படும், அந்த வயதுக்காரர்களுக்குப் பொதுவாக ஹார்மோன் கொடுக்கத்தான் சொல்கிறார்கள்.

சரி, வேர்ப்பது ஏன்? உடல் சூட்டை ஒரே நிலையில் வைத்திருப்பது மூளையில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்கிற சின்னப் பகுதி. அங்கே உள்ள சில நரம்பு செல்களை ஈஸ்ட்ரோஜன் அடக்கி வைத்திருந்தது. சினைப்பை ஓய்ந்து ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அந்தச் செல்கள் கட்டுப்பாடில்லாமல் துடிக்க ஆரம்பிக்கின்றன. முன்பெல்லாம் சூடு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் கண்டுகொள்ளாமல் விட்ட மூளை, இப்போது இம்மி ஏறினாலும் உடம்பு கொதிக்கிறது என்று முடிவுகட்டி, தோலில் உள்ள ரத்தக் குழாய்களை விரித்து வியர்வையைத் திறந்துவிடுகிறது. நெஞ்சில் கிளம்பி, கழுத்து, முகம், காது மடல் வரை சூடு ஏறும், நெஞ்சு படபடக்கும், ஓரிரு நிமிடத்தில் இருந்து ஐந்து நிமிடம் வரை இருக்கும், பிறகு நனைந்த ஜாக்கெட்டோடு குளிரும். இதைத்தான் ஹாட் ஃபிளாஷ் என்கிறார்கள். இம்மி சூட்டுக்கே இப்படி ஆகிற உடம்பை வைத்துக்கொண்டு, அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், பகலெல்லாம் காய்ந்த மொட்டைமாடிக்குக் கீழே படுப்பது எவ்வளவு கஷ்டம் என்று வேலூர்ப் பெண்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெயிலுக்கு வேர்த்தால் வீட்டில் எல்லோருக்கும் சேர்ந்து வேர்க்கும். இது மார்கழியில் மற்றவர்கள் போர்த்திக்கொண்டு தூங்கும்போதும் உங்களுக்கு மட்டும் வரும்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் ஒரு விஷயத்தை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். திடீர் வியர்வையோடு கை நடுக்கமும் பசியும் தலைச்சுற்றலும் சேர்ந்து வந்தால் அது சர்க்கரை இறங்கியதாகவும் இருக்கலாம். குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். மெனோபாஸ் என்று நினைத்துக்கொண்டு படுத்துவிடாதீர்கள்.

ஹார்மோன் யாருக்கு வேண்டாம்

உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றால், வேர்ப்பதைக் குறைப்பதில், குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை மருந்தாகக் கொடுக்கும் ஹார்மோன் சிகிச்சையை மிஞ்ச எதுவும் இல்லை. ஏறக்குறைய முக்கால்வாசி குறைத்துவிடும். 2002-ல் அமெரிக்காவின் பெரிய ஆய்வு ஒன்று, விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்பது, மார்பகப் புற்றுநோயும் ரத்தக் கட்டியும் கூடுகிறது என்று ஹார்மோன் பகுதியை நடுவிலேயே நிறுத்தியது, அன்றிலிருந்து உலகமே ஹார்மோன் என்றால் பயந்தது. அதே கணக்குகளை வயது வாரியாகப் பிரித்து அலசியபோது, 60 வயதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்று பத்து வருடத்துக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்களில் பெரும்பாலோருக்குக் கெடுதலைவிட நன்மைதான் அதிகம் என்று தெரியவந்தது. அதனால் பயத்தை மட்டும் வைத்து மறுக்க வேண்டாம்.

ஆனால் மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காலிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டியவர்கள், பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்கள், ஈரல் கெட்டவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள், இவர்களுக்கெல்லாம் பொதுவாக அது ஒத்துவராது. எந்த நோயும் இல்லாமலே "எனக்கு ஹார்மோன் வேண்டாம்" என்று சொல்லும் உரிமையும் பெண்ணுக்கு இருக்கிறது. இனி சொல்வதெல்லாம் முக்கியமாக இவர்களுக்கு.

எதைத் தொடங்கும் முன்னும் ஒரு காலண்டர்

சுவரில் தொங்கும் மாதக் காலண்டர் போதும். அதன் பக்கத்தில் நூலில் ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிடுங்கள். பகலில் வேர்த்தால் அந்தத் தேதிக் கட்டத்தில் ஒரு கோடு, ராத்திரி வேர்த்து எழுந்தால் ஒரு சின்ன வட்டம். தாங்க முடியாத அளவுக்கு வந்தால் கோட்டைக் கொஞ்சம் அழுத்திப் போடுங்கள். மருந்து, பொடி, லேகியம் எதையும் தொடங்காமல் இரண்டு வாரம் இதை மட்டும் செய்யுங்கள். அப்புறம் ஒன்றைத் தொடங்கி இன்னும் நான்கு வாரம் குறித்துவிட்டு, முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டைத் தொடங்கினால் எது வேலை செய்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. இந்தத் தொல்லைக்கு மருந்தைச் சோதிக்கும்போது ஒரு குழுவுக்கு நிஜ மருந்தும் இன்னொரு குழுவுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரையும் கொடுப்பார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கும் கால்வாசியிலிருந்து பாதி வரை வேர்ப்பது குறைந்துவிடுகிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே குறைகிறது. நம்பிக்கையும் அதற்கு ஒரு காரணம், இந்தத் தொல்லை தானாகவே கூடிக் குறையும் இயல்புடையது என்பது இன்னொரு காரணம். அதனால்தான் பக்கத்து வீட்டு அக்கா எந்தப் பொடியைச் சாப்பிட்டாலும் "எனக்குக் கேட்டுச்சு" என்கிறார். ஒரு மருந்து நிஜமாக வேலை செய்கிறது என்று சொல்ல, அது வெற்று மாத்திரையைத் தெளிவாகத் தாண்ட வேண்டும். விளம்பரத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொல்வதை வைத்து இதை முடிவு செய்ய முடியாது.

குப்பென்று வேர்ப்பதற்கு

வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023-ல் ஹார்மோன் அல்லாத வழிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. நான் படித்தவற்றில் மிகத் தெளிவானது அதுதான். அதில் தேறியவை கொஞ்சம், தேறாதவை நிறைய.

தேறியதில் முக்கியமானது, மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், குறைந்த அளவில். பாராக்செட்டின், எஸ்சிட்டலோபிராம், வென்லாஃபாக்சின் போன்றவை. மெடிக்கல் ஷாப்பில் சீட்டைப் பார்த்துவிட்டு "இது டிப்ரெஷன் மாத்திரையாச்சே, உங்களுக்கு எதுக்கும்மா?" என்று யாராவது கேட்டால் அங்கேயே மனசு உடைந்து மாத்திரையை வாங்காமல் திரும்பி வந்துவிடாதீர்கள். உங்களுக்கு மனநோய் என்று யாரும் சொல்லவில்லை. மூளையில் சூட்டைக் கட்டுப்படுத்தும் இடத்திலும் இதே மாத்திரைகள் வேலை செய்கின்றன என்பதால் எழுதிக்கொடுக்கிறார்கள். பாராக்செட்டினை 7.5 மில்லிகிராம் என்ற சின்ன அளவில் இதற்கென்றே அமெரிக்காவில் 2013-ல் அனுமதித்தார்கள். பலன் தெரிய மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை, ஓரிரு வாரத்திலேயே காலண்டரில் தெரியும். தொடக்கத்தில் குமட்டல், வாய் வறட்சி, சிலருக்குத் தாம்பத்திய ஆசை குறைவது என்று பக்கவிளைவுகள் உண்டு. நன்றாகிவிட்டது என்று நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும். ரொம்ப முக்கியமான எச்சரிக்கை: மார்பகப் புற்றுநோய்க்காகத் தமாக்சிஃபென் சாப்பிடுபவர்கள் பாராக்செட்டின், ஃபுளுவாக்செட்டின் இரண்டையும் எடுக்கக் கூடாது, அவை தமாக்சிஃபென்னின் பலனைக் குறைத்துவிடலாம். அவர்களுக்கு வென்லாஃபாக்சின் மாதிரி வேறு மாத்திரையை மருத்துவர் தேர்ந்தெடுப்பார். எந்த மருத்துவரிடம் போனாலும் தமாக்சிஃபென் அட்டையை எடுத்துக் காட்டுங்கள்.

ராத்திரியில்தான் வேர்த்து எழுந்து உட்காருகிறேன், பகலில் அவ்வளவு இல்லை என்பவர்களுக்கு கபாபென்டின் பொருந்தும். வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் கொடுப்பது அது. தூக்கம் வரவைக்கும், அந்தப் பக்கவிளைவே இவர்களுக்கு உபகாரம். ஆனால் காலையில் எழுந்ததும் தள்ளாட்டம் இருக்கலாம், விடியற்காலையில் ஸ்கூட்டி எடுப்பவர்கள் ஜாக்கிரதை. வேர்ப்பதோடு அடிக்கடி அவசரமாகச் சிறுநீர் வரும் தொல்லையும் இருந்தால் ஆக்சிபியூட்டினின் என்ற மாத்திரை இரண்டுக்கும் உதவும். வாய் காயும், மலச்சிக்கல் வரும், வயது கூடினால் ஞாபகம் மழுங்கவும் வாய்ப்பு உண்டு என்பதால் அறுபதைத் தாண்டியவர்களுக்கு யோசித்துத்தான் கொடுப்பார்கள்.

புதிதாக வந்தது ஃபெசோலினெட்டன்ட். கட்டுப்பாடில்லாமல் துடிக்கும் அந்த நரம்பு செல்களையே நேராகப் போய் அமர்த்துகிறது. 2023 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, அடுத்த வருடமே ஈரல் பாதிப்பு பற்றிக் கடுமையான எச்சரிக்கையும் சேர்த்தார்கள், ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேதான் சாப்பிட வேண்டும்.

மாத்திரையே வேண்டாம் என்பவர்களுக்கு, நிரூபணமான வழிகளில் சிபிடி என்கிற பேச்சு சிகிச்சை இருக்கிறது. இங்கிலாந்தில் நடந்த சோதனைகளில், இதனால் வேர்க்கும் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை, ஆனால் அது படுத்தும் பாடு நன்றாகவே குறைந்தது. எப்படி என்றால், கல்யாண மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது சூடு ஏறுகிறது என்று வையுங்கள். "ஐயோ, முகமெல்லாம் சிவந்துபோச்சு, எல்லாரும் என்னையே பாக்கிறாங்க, எழுந்து ஓடிடணும்" என்று மனசு பதறப் பதறப் படபடப்பு இரட்டிப்பாகும், சூடும் கூடும். "இது மூணு நிமிஷத்துல இறங்கிடும், யாரும் கவனிக்கல" என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டு, கையில் இருக்கும் விசிறியையோ பத்திரிகையையோ வீசிக்கொண்டு உட்காரப் பழகுவதுதான் அந்தச் சிகிச்சையின் சாரம். மனநல ஆலோசகர்கள் சில வாரங்களில் கற்றுத்தருவார்கள். உடல் எடை கூடுதலாக இருப்பவர்கள் எடையைக் குறைத்தாலும் வேர்ப்பது குறைகிறது, தேறிய பட்டியலில் அதுவும் உண்டு.

இனி தேறாதவை. சோயா, ஆளி விதை, பிளாக் கோஹோஷ் என்று ஆன்லைனில் விற்கும் வேர், ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய், அக்குபங்சர் எல்லாமே இதில் வரும். ஆளி விதையை, அது சேராத உணவோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது வித்தியாசமே இல்லை. சோயாவில் ஈஸ்ட்ரோஜன் சாயல் கொண்ட பொருள் இருப்பது உண்மை, சில ஆய்வுகளில் கொஞ்சம் பலனும் தெரிந்தது, வேறு சிலவற்றில் தெரியவில்லை. குழம்பில் மீல் மேக்கர் போடுவதை யாரும் தடுக்கவில்லை, புரதம் நல்லதுதான். டப்பாவில் வரும் சோயா மாத்திரைக்கு மாதாமாதம் காசு கொட்டுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். பிளாக் கோஹோஷ் சாப்பிட்டுச் சிலருக்கு ஈரல் பழுதானது பதிவாகியிருக்கிறது. தண்ணீர்விட்டான் கிழங்கு நம் வைத்தியத்தில் காலங்காலமாகப் பெண்களுக்குக் கொடுத்துவருவது, ஆனால் இந்தத் தொல்லைக்கு அது வேலை செய்கிறது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குப் பெரிய சோதனைகள் நடக்கவில்லை. சாப்பிடுவதாக இருந்தால் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் கேட்டுச் சாப்பிடுங்கள், அரசு ஆஸ்பத்திரிகளிலேயே சித்தா பிரிவு இருக்கிறது. பெயரே ஒட்டாத புட்டியில் வரும் லேகியம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

யோகா, நடை, மூச்சுப் பயிற்சி எல்லாம் வேர்க்கும் எண்ணிக்கையைக் குறைக்கும் என்பதற்குச் சான்று போதவில்லை என்றுதான் அந்த அறிக்கை சொல்கிறது. இதைப் படித்துவிட்டு நடப்பதை நிறுத்திவிடாதீர்கள். தூக்கத்துக்கும் எலும்புக்கும் இதயத்துக்கும் அது வேண்டும்.

உடம்பைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்வதும் அப்படித்தான், நோயைக் குறைக்காது, அந்த நேரத்துக்கு ஆறுதல் தரும். நைலான் நைட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய காட்டன் புடவையைக் கட்டிக்கொண்டு படுங்கள். தலையணை ஓரத்தில் ஈரத் துண்டும், மாற்றிக்கொள்ள ஒரு ஜாக்கெட்டும் வைத்துக்கொண்டால் நடுராத்திரியில் விளக்கைப் போட்டு வீட்டையே எழுப்ப வேண்டியதில்லை. மாலையிலேயே மொட்டைமாடியில் தண்ணீர் தெளித்துவிடலாம். டேபிள் ஃபேன் உங்கள் பக்கம் திரும்பி இருக்கட்டும், இதில் கூச்சப்பட எதுவும் இல்லை. சூடான டீ, அதிகக் காரம் இரண்டும் சிலருக்குத் தூண்டிவிடும், சிலருக்கு ஒன்றும் செய்யாது. காலண்டர் சொல்லும். பிரியாணி சாப்பிட்ட நாளில் கோடுகள் கூடவில்லை என்றால் அதைத் தியாகம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

யாரும் வாய் திறக்காத வறட்சி

வேர்ப்பது என்றைக்காவது ஒருநாள் நிற்கும். பிறப்புறுப்பு வறட்சி அப்படி இல்லை, கவனிக்காமல் விட்டால் வருடம் போகப்போகக் கூடும். அரிப்பு, எரிச்சல், கணவரோடு சேரும்போது வலி, அடிக்கடி சிறுநீர்க் கடுப்பு எல்லாம் இதோடு சேர்ந்தவை. சி.எம்.சி. ஆஸ்பத்திரியை நிறுவிய அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900-ல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் பார்க்கத் தொடங்கியதே, ஆண் மருத்துவரிடம் காட்ட மாட்டோம் என்று வீட்டார் மறுத்ததால் பிரசவத்தில் பெண்கள் செத்துப்போனதைப் பார்த்த பிறகுதான். நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, தெருவுக்குத் தெரு பெண் மருத்துவர்கள் இருக்கிறார்கள், இந்த ஒரு தொல்லையை மட்டும் இன்னும் அவர்களிடமும் சொல்ல நாக்கு எழுவதில்லை.

இதற்கு இரண்டு தனித்தனிப் பொருட்கள் உண்டு. ஒன்று ஈரப்பதம் தரும் ஜெல், வஜைனல் மாய்ஸ்சரைசர் என்று கேளுங்கள், வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் வழக்கமாகப் போட வேண்டியது. இன்னொன்று லூப்ரிகன்ட், தாம்பத்தியத்தின்போது மட்டும் போடுவது. தண்ணீர் சார்ந்தது என்று அட்டையில் போட்டிருந்தால் ஆணுறையோடும் பயன்படுத்தலாம். தேங்காய் எண்ணெய் பலருக்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் அது ஆணுறையைக் கிழித்துவிடும். சோப்பு, டெட்டால், வாசனைத் திரவம் எதையும் அந்த இடத்தில் போடாதீர்கள், வெறும் தண்ணீர் போதும். இவ்வளவும் செய்து கேட்கவில்லை என்றால் அந்த இடத்தில் மட்டும் போடும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கிறது. அது ஹார்மோன்தான், ஆனால் ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு, மருத்துவரிடம் கேட்டு முடிவெடுக்கலாம்.

இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறதா? சிறுநீரைப் பாதியில் அடக்கும்போது எந்தத் தசை இறுகுகிறதோ அதை உட்கார்ந்த இடத்திலேயே இறுக்கித் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு எட்டு தடவை, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். பஸ்ஸில் போகும்போதே செய்யலாம், யாருக்கும் தெரியாது. காட்பாடியிலிருந்து திருப்பத்தூர் போய் வரும்வரை கழிப்பறைக்குப் பயந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கும் பழக்கத்தை மட்டும் விடுங்கள், கடுப்பும் கசிவும் அதனால் கூடத்தான் செய்யும்.

களியும் வெயிலும்

ஈஸ்ட்ரோஜன் குறைந்த முதல் சில வருடங்களில் எலும்பு வேகமாகத் தேயும், வலியே தெரியாமல். 2008-ல் வெளியான வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களின் ஆய்வு ஒன்றில், நம் பகுதியில் மாதவிலக்கு நின்ற 150 பெண்களைப் பரிசோதித்ததில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எலும்புப்புரை இருந்தது, வைட்டமின் டி போதாதவர்களும் பாதிக்கு மேல். வெயிலுக்குப் பேர்போன ஊரில் வைட்டமின் டி இல்லை! வெயில் ஊரில் இருந்து என்ன, அது தோலில் பட வேண்டுமே.

ஐ.சி.எம்.ஆர். என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் சொன்ன கணக்குப்படி மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 இருக்கிறது, ஒரு டம்ளர் பாலில் 240 போல. இந்தப் பக்கத்துக் களிக்கும் கூழுக்கும் மதிப்பு இங்கேதான். களியோடு முருங்கைக்கீரையோ, முள்ளோடு மென்று தின்னும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்போ இருந்தால் இன்னும் நல்லது. கூழை ஆடி மாதத்தோடு நிறுத்திவிடாமல் வாரத்துக்கு நாலு நாள் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் களியின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரையாகக் கால்சியம் எடுப்பதும், வாராவாரம் வைட்டமின் டி எடுப்பதும் மருத்துவர் சொன்ன அளவில் மட்டும். நடப்பது, மாடிப்படி ஏறுவது, தண்ணீர்க் குடம் தூக்குவது மாதிரி எடை தூக்கிச் செய்யும் பயிற்சி எல்லாம் எலும்புக்கு வேண்டும். நாளெல்லாம் உட்கார்ந்தே பீடி சுற்றுபவர்களுக்கும், நின்ற இடத்திலேயே ஷூ தைப்பவர்களுக்கும் இதைத் தனியாகத்தான் நேரம் ஒதுக்கிச் செய்ய வேண்டியிருக்கிறது.

தூக்கம், மனசு, உடனே போக வேண்டியவை

தூக்கம் கெட்டால் எரிச்சல் வரத்தான் செய்யும், "வர வர இவளுக்குக் கோபம் ஜாஸ்தியாயிடுச்சு" என்று வீட்டில் சொல்லும் முன் ராத்திரி எத்தனை தடவை எழுந்தாள் என்று ஒருத்தராவது கேட்டிருக்கலாம். மாலை நாலு மணிக்கு மேல் டீ, காபியை விடுவதும், பகல் தூக்கத்தைக் குறைப்பதும், தினமும் ஒரே நேரத்தில் எழுவதும் கொஞ்சம் உதவும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனசு ஒட்டவில்லை, அழுகை நிற்கவில்லை, வாழ்வதே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் அது ஹார்மோன் கோபம் என்று தள்ளிவிடக் கூடியது இல்லை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு இருபத்து நாலு மணி நேரமும் பேசலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள்.

வீட்டுக்கு வரும் மக்களைத் தேடி மருத்துவம் பணியாளர் பிபியும் சர்க்கரையும் பார்க்க வரும்போது "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று அனுப்பிவிடாதீர்கள், மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கும் மாரடைப்பு அபாயம் கூடுகிறது. வேர்ப்பதோடு எடை இளைத்து, மாலைக் காய்ச்சலும் இருமலும் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை, கை நடுங்கி நெஞ்சு எப்போதும் படபடத்தால் தைராய்டு பரிசோதனை.

பன்னிரண்டு மாதம் நின்றுபோன பிறகு மறுபடி ரத்தம் பட்டால், அது ஒரே ஒரு நாள் ஒரே ஒரு சொட்டாக இருந்தாலும், "மறுபடி தூரம் வந்துடுச்சு" என்று நினைத்து வீட்டு வைத்தியம் பார்க்க வேண்டாம். பெரும்பாலும் வறட்சியால் வந்த சின்னப் புண்ணாக இருக்கும். ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் அதுதான், ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் பெரும்பாலும் முழுசாகக் குணமாகும். அந்த வாரத்துக்குள்ளேயே மகப்பேறு மருத்துவரிடம் போய்விடுங்கள், ஸ்கேன் எடுத்துப் பார்த்து, தேவைப்பட்டால் உள்சவ்வில் துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள்.